ஏகமனதாக என்று எழுதியவள் நான்

தம்பி,

பொன்னாடை போர்த்தவில்லை என்ற கோபத்தில் நான் சிதம்பரத்தில் நடந்த உன் புத்தக வெளியீட்டு விழாவில் முன்வரிசையிலிருந்து எழுந்து போய்விட்டதாக மஞ்சக்குப்பம் வரைக்கும் பேச்சு வந்திருக்கிறது. அது பொய். பொன்னாடை தயாராகத்தான் இருந்தது. ஊதா நிறம், தட்டில் மடித்து வைத்திருந்ததை நானே பார்த்தேன். என்னை மூன்றாவதாகக் கூப்பிடுவதாக இருந்தார்கள். கூப்பிடும் முன்பே எழுந்துவிட்டேன். ரத்த அழுத்தம் என்று உன் மனைவி எல்லோரிடமும் சொன்னாளாம். அதுவும் சரியில்லை. என் மானத்தைக் காப்பாற்றத்தான் அவள் அப்படிச் சொன்னாள், அவள் மீது எனக்கு வருத்தம் கிடையாது. ஆனால் அன்று எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. பஸ் ஸ்டாண்டு வரை நடந்து, கடலூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, நேராக வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஏன் எழுந்தேன் என்பது அந்த மண்டபத்தில் ஒருவனுக்கு மட்டும் தெரியும். அவன் மூன்று வாரமாக என்னிடம் கேட்கவில்லை. ஆகையால் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் இதன் பிரதியை வர்த்தகர் சங்கத்து உறுப்பினர்களும் படிக்க வேண்டி வரலாம். நலம் விசாரிக்கும் வரிகளை இந்த முறை விட்டுவிட்டேன்.

தானே புயலில் சங்கத்து மண்டபத்தின் கூரை பறந்து போனதால் விழாவைச் சிதம்பரத்தில் வைத்தார்கள். முதுநகர் வர்த்தகர்கள் வேன் பிடித்து வந்தார்கள். சங்கத்தின் வரலாற்றை எழுத வெளியாளைத் தேடாமல், அண்ணாமலை நகரில் சரித்திரம் சொல்லிக் கொடுக்கும் பழைய செக்ரட்டரியின் மகனான உன்னையே தலைவர் கேட்டார் என்று தெரிந்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். அன்று காலை நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தேன். சிறப்பு விருந்தினர் புத்தகத்தைப் பிரித்து, சுனாமியைப் பற்றிய பக்கத்தை ஒலிபெருக்கியில் வாசித்தார். வீடிழந்த தேவனாம்பட்டினத்து மக்களுக்காகச் சங்கம் தன் சரக்குக் கொடோனை ஏகமனதாகத் திறந்துவிட்டது என்றும், அன்றைய செக்ரட்டரி தம் கையாலேயே பூட்டைத் திறந்தார் என்றும், அந்தக் குடும்பங்கள் வாரக்கணக்கில் அங்கே தங்கியிருந்தன என்றும் நீ எழுதியிருந்தாய். மண்டபம் முழுவதும் கைதட்டியது. தலைவர் தலையைக் குனிந்து கும்பிட்டார். நீ என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாய். அப்போதுதான் எழுந்தேன்.

சங்கத்துக்கும் எனக்கும் உள்ள தொடர்பை உன் புத்தகம் 'துணைவியாரின் ஒத்துழைப்புடன்' என்று முடித்துவிட்டது. அது போதும், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஒத்துழைப்பு என்றால் என்ன என்று நீ சொல்லவில்லை. எனக்குக் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில், கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் தள்ளி நின்று, படகில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த காலத்தில், துறைமுக அலுவலகத்திலிருந்து சங்கத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. உன் அப்பாவுக்கு வியாபாரம் தெரியும், மனிதர்களைத் தெரியும், அந்த மாதிரி ஆங்கிலம் தெரியாது. நான் பதில் எழுதிக் கொடுத்தேன். கான்வென்ட்டில் சிஸ்டர் பிரம்பை வைத்துக்கொண்டு கற்றுக்கொடுத்த கடிதம்; ஒரு காற்புள்ளிகூடத் தவறியிருக்காது. கூட்டத்தில் அதைப் படித்துவிட்டு, "இன்னா செக்ரட்டரி, வக்கீல் வச்சிட்டீங்களா?" என்று கேட்டார்களாம். "வக்கீல் இல்லீங்க, வூட்ல" என்றாராம் இவர். அன்றிலிருந்து சங்கத்தில் எந்தப் பேச்சு வந்தாலும், "செக்ரட்டரி வூட்ல கேட்டுக்கினு வந்து சொல்லுவாரு, அவசரப்படுத்தாதீங்க" என்று கேலி. இவர் அதையும் சிரித்துக்கொண்டே என்னிடம் வந்து சொல்லுவார். பிறகு தீர்மானப் புத்தகமும் என் கைக்கு வந்தது. கூட்டம் முடிந்து வந்து, யார் என்ன பேசினார்கள் என்று ஒன்று விடாமல் சொல்லுவார். நான் அதை முதலில் என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, பிறகு சுத்தப் பிரதியைச் சங்கத்துப் புத்தகத்தில் எழுதுவேன். அவர் கையெழுத்துப் போடுவார். ஏறக்குறைய நாற்பது வருடம் அப்படித்தான் நடந்தது.

சங்கத்துப் புத்தகத்தில் ஒரு வழக்கம் உண்டு. அதை உன் வரலாற்றில் தேடினேன், இல்லை. முதுநகர் கடைத்தெருவில் பல மதத்தார், பல சமூகத்தார் பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் வியாபாரம் செய்கிறவர்கள். சங்கத்தில் இன்னாருக்கு எதிராக இன்னார் கை தூக்கினார் என்று எழுத்தில் ஏறிவிட்டால், அது மறுநாள் தெருவில் சண்டையாக நிற்கும். அதனால் ஆரம்பித்தவர்கள் ஒரு வழி கண்டார்கள். ஒரு விஷயத்துக்கு ஒருவர் ஒத்துக்கொள்ளவே இல்லை என்றால், தலைவர் அவரைப் பார்த்து, "மச்சான், போயி ஒரு டீ சாப்டுட்டு வாயேன்" என்பார். அவர் எழுந்து எதிர்க்கடைக்குப் போய்விடுவார். அவர் திரும்பி வருவதற்குள் தீர்மானம் நிறைவேறியிருக்கும். அறைக்குள் இருந்தவர்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டதால், ஏகமனதாக என்று எழுதுவது பொய்யும் ஆகாது. டீக்கடைக்காரருக்கே இது அத்துப்படி. சங்கத்து ஆள் யாராவது தனியாக வந்து பெஞ்சில் உட்கார்ந்தால், "இன்னிக்கி எதுக்கு ஒத்துக்கலை?" என்று கேட்டுக்கொண்டே கிளாஸைக் கழுவுவாராம். எனக்கும் முதலில் அந்த வழக்கம் பிடித்திருந்தது. யாரையும் எழுத்தில் அவமானப்படுத்தாத நாகரிகம் என்று நினைத்தேன். நீ சின்னப் பையனாக இருந்தபோது உனக்கே அதைக் கதையாகச் சொல்லியிருக்கிறேன். 'எமது சங்கத்தில் என்றுமே கருத்து வேறுபாடு எழுந்ததில்லை' என்று உன் புத்தகத்தின் முன்னுரையில் ஒரு வரி வருகிறது. தம்பி, அந்த வரி வரலாறு இல்லை, அது என் கையெழுத்து.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா தேவனாம்பட்டினம் போய்விட்டு மத்தியானம் வேட்டி முழுக்கச் சேறாகத் திரும்பி வந்தார். அந்த மக்களில் பல குடும்பங்களை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்க வேண்டிய நேரம் வந்தது. வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் நம் வீட்டுக்கே வந்து, கொஞ்ச நாளைக்குச் சங்கத்துக் கொடோனைக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். அந்தக் கொடோன் காலியாகக் கிடந்தது. கப்பல் வரத்து நின்றுபோன பிறகு அதை என்ன செய்வது என்று முந்தின கூட்டத்தில் தலைவரே அலுத்துக்கொண்டார். அதையும் நான்தான் எழுதியிருந்தேன். "கமிட்டியில ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சாவியைத் தரேன் சார், நீங்க கவலைப்படாதீங்க" என்று உன் அப்பா சொல்லி அனுப்பினார். மறுநாள் கூட்டம். அந்த வாரம் நீ எங்களைப் பார்க்க வந்திருந்தாய். கூட்டம் முடிந்து அவர் வந்தபோது நீ கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாய். அதனால் இனி நான் சொல்லப் போவது உனக்குக் காதுவழிச் செய்தி இல்லை.

தலைவர் உன் அப்பாவைவிட இளையவர், மாமா என்றுதான் கூப்பிடுவார். "மனசு இருக்குது மாமா, எடம் இல்லியே" என்றாராம். "காலியா கெடக்குதுன்னு போன கூட்டத்துல நீதானப்பா சொன்ன" என்றாராம் இவர். "காலியா இருக்குதுன்னா யாரு வேணா வந்து குந்திக்கலாம்னு அர்த்தமா?" என்று இன்னொருவர். "உள்ள வுட்டுட்டா அப்பறம் கெளப்ப முடியாது. அடுப்பு வைப்பாங்க. நாளைக்கி ரேஷன் கார்டே அந்த அட்ரஸ்ல வாங்கிடுவாங்க." அதற்கு எல்லோரும் சிரித்தார்களாம். உன் அப்பா சிரிக்கவில்லை. "பொணத்தைத் தூக்கிட்டு வந்தவங்கப்பா அவுங்க" என்று மட்டும் சொன்னாராம். பிறகு தலைவர் மிகவும் பணிவாக, "மாமா, நீங்க போயி ஒரு டீ சாப்டுட்டு வாங்களேன்" என்றார். அத்தனை வருடத்தில் செக்ரட்டரியை யாரும் டீக்கு அனுப்பியதில்லை. அவர் மறுத்து உட்கார்ந்திருக்கலாம். சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது. நேராகப் போய்த் திறந்தும் விட்டிருக்கலாம். அவர் எழுந்து டீக்கடைக்குப் போனார். "இன்னா சார், நீங்களா?" என்று கேட்டுவிட்டு, டீக்கடைக்காரர் வேறு ஒன்றும் கேட்கவில்லையாம்.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் வழக்கம்போல் ஒன்று விடாமல் சொன்னார். நான் வழக்கம்போல் குறிப்பேட்டில் எழுதினேன். பிறகு சங்கத்துப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "எப்படி எழுதட்டும்?" என்று கேட்டேன். "எப்பவும் எழுதற மாதிரிதான்" என்றார். நான் பேனாவைக் கீழே வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். அவருக்காக ஒரு நிமிஷம் காத்திருந்தேன். அவர் மாற்றிச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. நான் எழுதினேன். 'கொடோனில் போதிய இடவசதி இல்லாமையால் அரசின் கோரிக்கையை ஏற்க இயலாமைக்கு வருந்துவதாக ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' நல்ல வாக்கியம். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். பேனாவை நான் எடுக்காமல் இருந்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. அதை நான் இத்தனை வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவரை டீக்கு அனுப்பியது சங்கம். அவர் போகவேயில்லை என்பது போல எழுத்தில் வைத்தவள் நான்.

அடுத்த வாரமே அவர் செக்ரட்டரி பதவியை விட்டார். உடல்நிலை காரணம் என்று சங்கம் எழுதிக்கொண்டது. நீயும் அதையே எடுத்து எழுதியிருக்கிறாய். அதன் பிறகு அவர் சங்கத்துப் படி ஏறவில்லை. கடைசி மாதங்களில் அண்ணாமலை நகரில் உன் குவார்ட்டர்ஸில் இருந்தபோது, ஒரு சாயங்காலம் உன்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். நான் ஜன்னலோரம் நின்றிருந்தேன். "நான் அன்னிக்கி எழுந்து போயிருக்கக் கூடாதுப்பா" என்றார். நீ, "அதெல்லாம் விடுங்கப்பா, யாரு ஞாபகம் வச்சிருக்காங்க" என்றாய். "நான் வச்சிருக்கேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் அவர் உனக்கு விட்டுப் போனார். வீட்டையும் கடையையும்விட அது பெரிது என்று நினைத்தேன். ஒருவர் தன் மகனிடம் தன் தவறைச் சொல்லிவிட்டுப் போவது எல்லோராலும் முடிகிற காரியம் இல்லை.

வரலாறு எழுதுவதற்கு என் குறிப்பேடுகள் வேண்டும் என்று நீ கேட்டபோது, டிரங்குப் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் கொடுத்தேன். "படிச்சிட்டு, உள்ளதை எழுது" என்றேன். "சரித்திரம்னா வேற எதை எழுதுவாங்க?" என்று சிரித்தாய். நீ படித்திருக்கிறாய், அது எனக்குத் தெரியும். ஓரங்களில் உன் பென்சில் குறிகளோடு நகல் எடுத்துவந்து, சில பெயர்களை என்னிடம் கேட்டுச் சரிபார்த்தாய். அப்படிப் படித்துவிட்டுத்தான் அந்தப் பக்கத்தை எழுதினாய். அதற்குக் கீழே என் கையெழுத்தில் ஒரு பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறாய். அது எப்போதோ துறைமுகத்தில் விளக்கு வேண்டும் என்று போட்ட தீர்மானம். படத்தைப் பார்க்கிறவர்கள், மேலே உள்ளதற்கு ஆதாரம் கீழே இருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். நீ பொய் எழுதியதைக்கூட ஒரு நாள் பொறுத்துக்கொள்வேனோ என்னவோ. அந்தப் பொய்க்கு என் கையெழுத்தைச் சாட்சியாக நிறுத்தியதை என்னால் பொறுக்க முடியவில்லை.

விழா முடிந்து நாலாம் நாள் அஞ்சலை மீன் கொண்டுவந்தாள். தேவனாம்பட்டினத்திலிருந்து பத்து வருடத்துக்கு மேலாக நம் வாசலுக்கு வருகிறவள். உனக்கும் அவளைத் தெரியும். சங்கம் புத்தகத்தைப் பள்ளிக்கூடங்களுக்கு இலவசமாகக் கொடுத்திருக்கிறது. அவள் மகள் அதைப் படித்துக் காட்டியிருக்கிறாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு, "ஏம்மா, எங்கள அந்தக் கொடோன்ல தங்க வச்சாங்களாமே, எந்த வாசல் வழியா வுட்டாங்க?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். மீனை எடுத்துத் தட்டில் போட்டபடி அவளே தொடர்ந்தாள். "பள்ளிக்கூடத்தை வுட்டு எறக்கனப்போ ரோட்டோரம் தார்ப்பாய் கட்டிக்கினு கெடந்தோம். பெரியவளுக்கு அங்கதான் ஜுரம் வந்துச்சி. அந்தக் கொடோன் பூட்டை தெனம் பார்த்துக்கினுதான் போவேன்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சாரு நல்லவருதாம்மா. ஆனா தொறக்கலியே" என்றாள். அன்றைக்கு அவள் கொடுத்த மீனை என்னால் சமைக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

அன்று மாலை உனக்குப் போன் செய்தேன். "அம்மா, அப்பாவுக்கு நல்ல பேருதானே வாங்கிக் குடுத்திருக்கேன்" என்றாய். "தலைவர் உயிரோட இருக்காரு, நம்பிக் குடுத்திருக்காரு. அவரு மொகத்துல கரி பூசச் சொல்றியா? இதனால யாருக்கு என்ன நஷ்டம்?" என்றாய். நஷ்டம் யாருக்கு என்று அஞ்சலையிடம் போய்க் கேள். உன் அப்பாவுக்கு என்ன நஷ்டம் என்று நான் சொல்கிறேன். அவர் செய்யாத நல்ல காரியத்தை அவர் தலையில் வைத்ததால், அவர் உண்மையில் செய்த இரண்டு காரியங்களை எடுத்துவிட்டாய். அத்தனை பேர் நடுவில் அவர் ஒருவர் மட்டும் மறுக்கக் கூடாது என்று சொன்னார். சொன்னதில் நிலைத்து நிற்கவில்லை என்று வெட்கப்பட்டு, தான் கட்டி வளர்த்த சங்கத்தை விட்டு வெளியே வந்தார். உன் புத்தகத்தில் அவர் எதற்கும் வெட்கப்படாத ஒரு பெரிய மனிதர். எனக்கு அந்த மனிதரைத் தெரியாது. நான் அவரோடு வாழவில்லை.

இதில் என் பங்கையும் எழுத வேண்டும். நீ பத்தாம் வகுப்பில் ஒரு பையனின் மண்டையை உடைத்துவிட்டு வந்தாய். ஹெட்மாஸ்டர் மன்னிப்புக் கடிதம் கேட்டார். 'நான் கல்லால் அடித்தேன், தப்புதான்' என்று நீயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து காட்டினாய். நான் அதை வாங்கிக் கிழித்துவிட்டு, 'விளையாட்டின்போது ஏற்பட்ட எதிர்பாராத நிகழ்வுக்கு வருந்துகிறேன்' என்று சொல்லச் சொல்ல எழுத வைத்தேன். ஹெட்மாஸ்டர் உன் கடிதத்தை மெச்சினார் என்று நீ ஓடிவந்து சொன்னபோது எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அந்தப் பையனின் வீட்டுக்கு உன்னை நான் அழைத்துப் போகவில்லை. முதலில் எழுதிய தாளை வைத்திருக்க வேண்டியவள் நான். உனக்குப் பாடம் நடத்தியவள் நான்தான் என்பதால் உன்னைத் திட்டும் தகுதி குறைகிறது, ஆனால் போய்விடவில்லை. நீ அப்போது பதினைந்து வயதுப் பையன். இப்போது உனக்கு ஐம்பதை நெருங்குகிறது. பிள்ளைகளுக்கு ஆதாரம் என்றால் என்ன என்று வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறாய்.

புத்தகத்தை மறுபடியும் அச்சடித்து மாவட்டத்து நூலகங்களுக்கெல்லாம் அனுப்பப் போவதாகத் தலைவர் விழாவில் அறிவித்தார். அச்சுக்குப் போவதற்குள் அந்தப் பக்கம் மாற வேண்டும். சங்கம் கொடோனைக் கொடுக்க மறுத்தது, செக்ரட்டரி ஒத்துக்கொள்ளாமல் வெளியே அனுப்பப்பட்டார், அவரும் போனார், தீர்மானத்தை ஏகமனதாக என்று எழுதியது அவர் மனைவி. இந்த நான்கும் இருக்க வேண்டும். என் பங்கை மட்டும் மரியாதைக்காக விட்டுவிடாதே. என் கையெழுத்துப் படத்தை எடுத்துவிடு, அல்லது சரியான தேதியின் குறிப்பேட்டுப் பக்கத்தைப் போடு. நீ மாற்றாவிட்டால், இதையே நான் தலைவருக்கு என் பெயரில், என் கையெழுத்தோடு எழுதுவேன். அவர் என்னையும் டீக்கு அனுப்ப முடியாது. நான் அந்தச் சங்கத்தில் உறுப்பினர் இல்லை.

என் குறிப்பேடுகள் எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் அனுப்பு. உன் மனைவி கையில் கொடுத்தனுப்ப வேண்டாம். சமாதானம் பேச நேரில் வரவும் வேண்டாம். வந்தால் சோறு போடுவேன், பேச மாட்டேன். போனும் செய்யாதே. போனில் நீ நன்றாகப் பேசுவாய், நான் அதைக் கேட்டு இளகிவிடுவேன், பிறகு நீ என்ன சொன்னாய் என்று இருவருமே வேறு வேறாக நினைவில் வைத்திருப்போம். அந்தப் பக்கத்தை மாற்றுகிறாயா இல்லையா என்பதை உன் கையால் ஒரு தாளில் எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டு எனக்கு அனுப்பு.

அம்மா